நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு



ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் உள்ள பஸ் நிலையங்களில் அதிகாலை வேளையிலே, கையில் ஒரு கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிறப்புச் சான்றிதழ், க.பொ.த. பெறுபேற்றுப் பத்திரம், பாடசாலை அதிபரின் நற்சான்று ஆகியவை அக்கோப்பினுள் இருக்கும். எங்கோ ஓரிடத்தில் நேர்முகப் பரீட்சை. அதற்கு அழைப்பு வந்த நாள்முதல் அந்தக் காம்பராவில் வேறு பேச்சில்லை. அப்படிப் போகின்ற பிள்ளைகள் மனந்தளராது சென்று, எதிரே அமர்ந்திருப்போரிடம் நல்லெண்ணத்தைப் பெற்றுத் திரும்புவது எப்படி என்பது பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். இத்தகைய தெரிவுக் குழுக்களிலே பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான் கண்டவற்றையே பெரும்பாலும் கூறப்போகின்றேன்.

மற்றையோருக்கு நேர்முகப் பரீட்சை ஒரு பரீட்சை மாத்திரமே. நம் மலையகத்துப் பிள்ளைகளுக்கு அது அதனினும் சற்றுக் கனமானது. அதற்குக் காரணம் உண்டு.

நம் முன்னோர் இம்மலைகளுக்கு வேலைக்கு வந்தபோது அவர்களை எவரும் நேர்முகம் காணவில்லை. கங்காணி கூட்டி வந்தார். கணக்கிலே பெயர் விழுந்தது. பிறகு ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குப் போக வேண்டுமாயின் ‘துண்டு’ என்று ஒரு காகிதம் வேண்டியிருந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஒரு மனிதனைப் பற்றி அடுத்த தோட்டம் அறிய விரும்பியதெல்லாம் அவன் பட்ட கடன் எவ்வளவு என்பதே. 1921ஆம் ஆண்டிலே சட்டமியற்றி அத்துண்டு முறையைத் தடை செய்தார்கள். கடன் எவ்வளவு என்று கேட்டார்களேயன்றி, உனக்கு என்ன தெரியும், எதை நீ நன்றாகச் செய்வாய் என்று கேட்டவர் இல்லை.

அதன்பின் கேள்விகள் வந்தன. ஆனால் அவை வேறு விதமான கேள்விகள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்திற்குப் பிறகு, நீ எங்கே பிறந்தாய், உன் தகப்பன் எங்கே பிறந்தான், அதற்குப் பத்திரம் எங்கே என்று உத்தியோகத்தர்கள் கேட்டார்கள். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிலே ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாகி, மீதி 1,50,000 பேரின் கணக்கு 1974 வரை தொங்கி நின்றது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்த பின்னரே எஞ்சியிருந்தோர்க்கும் பிரசாவுரிமை கிடைக்க வழி பிறந்தது. மேசைக்கு அப்பால் இருக்கும் ஒருவர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டு கேட்கும் கேள்விக்குத் தவறாக விடை சொன்னால் ஊரே போய்விடும் என்ற அச்சத்தோடு நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நின்றார்கள். அந்த அச்சம் வீண் அச்சம் அன்று. ஆனால் அது இறங்கி இறங்கி வந்து, வங்கியிலே எழுதுவினைஞர் வேலைக்குப் போயிருக்கும் பேத்தியின் தொண்டையிலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றது.

இதை ஏன் சொல்கின்றேன் என்றால், நேர்முகப் பரீட்சையில் உங்கள் எதிரே இருப்பவர் உங்கள் பாட்டனாரிடம் கேட்கப்பட்ட கேள்வியைக் கேட்பதில்லை. நீ யாருடைய ஆள் என்பதும் உன் பத்திரம் எங்கே என்பதும் அவர் கேள்வி அல்ல. நீ என்ன செய்ய வல்லாய் என்பதே அவர் கேள்வி. இந்த வேறுபாட்டை மனத்தில் நன்கு பதித்துக்கொண்ட பிள்ளை பாதி வெற்றி பெற்ற பிள்ளை.

அறைக்குள் வரும் நம் பிள்ளைகள் சிலர், உட்காருங்கள் என்று சொன்ன பின்பும் நின்றுகொண்டே இருப்பார்கள். இரண்டாம் முறை சொன்னால், நாற்காலியின் முனையிலே நான்கு விரற்கடை இடத்தில் உட்காருவார்கள். கைகள் கட்டியபடி இருக்கும். கண் தரையை நோக்கும். தோட்டத்து ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்று பேசிய வழக்கம் அது என்று நமக்குத் தெரியும். கொழும்பிலிருந்து வந்த பரீட்சகருக்குத் தெரியாது. பிள்ளைக்கு விடை தெரியவில்லை என்றோ, எதையோ மறைக்கின்றது என்றோ அவர் எண்ணிக்கொள்வார். அடக்கம் நல்லதே, அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அடக்கமுள்ளவன் நாற்காலியில் முதுகு பொருந்த உட்காரலாம். கேட்பவர் முகத்தைப் பார்த்து விடை சொல்லலாம். ‘சேர்’ என்று ஒரு முறை விளிப்பது மரியாதை. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ‘சேர்’ போட்டால் விடை காதில் விழுவதில்லை. ‘சேர்’ மாத்திரமே விழுகின்றது.

வள்ளுவர் ‘அவையறிதல்’ என்று ஓர் அதிகாரமும் அதையடுத்து ‘அவையஞ்சாமை’ என்று ஓர் அதிகாரமும் வைத்திருக்கின்றார். வரிசையைக் கவனியுங்கள். எதிரே இருப்போர் யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் அறிதல். அச்சமின்மை அதற்குப் பிறகு. அறியாமல் வருகின்ற துணிச்சலைப் பரீட்சகர்கள் தினமும் பார்க்கின்றார்கள். அதற்குப் புள்ளி கிடைப்பதில்லை.

இனி, மிக முக்கியமான ஒன்றுக்கு வருகின்றேன். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதுதான் பெரும்பாலும் முதற் கேள்வி. நம் பிள்ளைகள் பெயரைச் சொல்வார்கள், தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள், பாடசாலையைச் சொல்வார்கள், அவ்வளவோடு நின்றுவிடுவார்கள். தகப்பனார் என்ன செய்கின்றார், தாயார் என்ன செய்கின்றார் என்று கேட்டால் குரல் ஒரு படி இறங்கிவிடும். ‘தோட்டத்திலே வேலை’ என்பார்கள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. முன் அனுபவம் உண்டா என்றால், ‘இல்லை’ என்ற ஒரே சொல்தான் வரும்.

ஒரு நாள் ஒரு கூட்டுறவு நிறுவனத்திலே கணக்கெழுதும் பதவிக்கு ஒரு யுவதி வந்திருந்தார். அனுபவம் இல்லை என்றார். புள்ளியை எழுதிவிட்டு அடுத்தவரை அழைக்கும் நேரம். குழுவிலே ஹட்டன் பக்கத்தைச் சேர்ந்த ஒரு சிங்களக் கனவான் இருந்தார். தோட்டத்துப் பழக்கம் உள்ளவர். ‘உங்கள் லயத்தில் சம்பளச் சீட்டை யார் வாசித்துச் சொல்வது?’ என்று கேட்டார். ‘நான்தான் சேர்’ என்றார் அந்தப் பெண். அதன்பின் சொற்கள் தாமாக வந்தன. மாலையில் கொழுந்து மடுவத்திலே நிறுவை நடக்கும்போது தாயார் சொன்ன கிலோவை ஒரு கொப்பியிலே குறித்து வைப்பாராம். சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்பதையும் அதன் அருகே எழுதுவாராம். மாத முடிவில் சம்பளச் சீட்டு வந்ததும் செக்ரோல் கணக்கோடு ஒப்பிட்டு, முழுப்பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, பிடித்த கடன் எவ்வளவு என்று பார்ப்பாராம். தம் வீட்டுக்கு மாத்திரமன்று, அந்த லயத்தின் பன்னிரண்டு குடும்பத்திற்கும் பார்த்திருக்கின்றார். கணக்குப் பிழையொன்றைக் கண்டு, கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சச்சரவில்லாமல் எடுத்துக் காட்டித் திருத்தியும் இருக்கின்றார். நான்கு ஆண்டுகள் இதைச் செய்தவர், ‘அனுபவம் இல்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போக இருந்தார்! அந்தக் கனவான் வேறு எங்காவது பிறந்து வளர்ந்தவராக இருந்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திராது.

நேயர்களே, இப்படிப்பட்ட கேள்வியை யாராவது கேட்பார் என்று காத்திருக்கலாகாது. நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். லயத்தார்க்குச் சிங்களத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்த பிள்ளைக்கு இருமொழியில் வேலை செய்த அனுபவம் உண்டு. பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வைத்தியரிடம் எடுத்துச் சொல்லி, மருந்துக் குறிப்பை விளங்கிக்கொண்டு வந்த பிள்ளைக்குப் பிறருக்காகப் பேசும் திறன் உண்டு. மாலையில் இஸ்தோப்பிலே அயல் வீட்டுச் சிறுவர் பத்துப் பேரை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன், ஆசிரியப் பதவிக்குப் போகும்போது அதைச் சொல்லாமல் எதைச் சொல்லப் போகின்றான்? திருவிழாக் குழுவிலே வரவு செலவு வைத்தவனும், தகப்பனார் நோயுற்றிருந்தபோது பள்ளி விடுமுறையில் மரக்கறித் தோட்டத்திலே கூலி வேலைக்குப் போய்ப் படிப்பையும் விடாதவனும் அப்படியே. இவை யாவும் தகைமைகளே. எதைச் செய்தேன், எத்தனை பேருக்குச் செய்தேன், எவ்வளவு காலம் செய்தேன், அதனால் என்ன ஆயிற்று என்று நான்கு வாக்கியத்திலே சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். வறுமையைச் சொல்லி இரக்கம் தேடுவதற்காக அன்று. வேலை தெரியும் என்று காட்டுவதற்காகவே சொல்கின்றேன். இரக்கத்துக்குப் புள்ளித்திட்டத்தில் இடம் இல்லை. ‘அம்மா கொழுந்து எடுக்கின்றார், அந்தச் சம்பளத்தில்தான் உயர்தரம் வரை படித்தேன்’ என்று தலை நிமிர்ந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த விடயத்திற்குப் போகும் பிள்ளையைக் குழுவினர் மறக்கமாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு வகையும் உண்டு. வழிகாட்டிப் புத்தகங்களிலும் வகுப்புகளிலும் ஆயத்த விடைகளை மனனம் செய்து வருவது. ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்று ஒரு காலைப்பொழுதில் கேட்டபோது, அளவுக்கு மீறி உழைப்பதே தம் பலவீனம் என்று அடுத்தடுத்து மூவர் சொன்னார்கள். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. நான்காமவர் உள்ளே வருமுன்பே ஓர் அங்கத்தவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வது இதைவிட எவ்வளவோ மேல்.

முதற் பார்வையிலே விழும் எண்ணம் முக்கியமா என்று கேட்பீர்கள். முக்கியமே. சாலமன் ஆஷ் என்ற உளநூல் அறிஞர் 1946ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி உண்டு. ஒரு மனிதனைப் பற்றிய ஆறு அடைமொழிகளைச் சிலருக்கு நல்லவற்றை முன்வைத்தும், வேறு சிலருக்கு அதே ஆறையும் தலைகீழாக அல்லாதவற்றை முன்வைத்தும் வாசித்துக் காட்டினார். சொற்கள் ஒன்றே, வரிசை மாத்திரம் வேறு. நல்லவற்றை முதலிற் கேட்டவர்கள் அம்மனிதனைப் பற்றி மற்றையோரைவிட மேலாக எண்ணினார்கள். ஆகையினால் உங்களிடத்திலே உள்ள நல்ல விடயத்தை முதல் இரண்டு நிமிடத்திற்குள் சொல்லிவிடுவது அறிவுடைமை.

ஆனால் இது முழு உண்மை அன்று. பவுல் சாக்கெட் என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் 2022ஆம் ஆண்டிலே பழைய ஆய்வுகள் பலவற்றைத் திரும்பவும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் பிற்காலத்தில் எப்படி வேலை செய்வார் என்பதை முன்கூட்டி அறிவதற்கு, எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு ஒரே அளவுகோலால் புள்ளியிடும் நேர்முகமே முன்வரிசையில் நின்றது. மனம் போன போக்கிலே கேட்டு, முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நேர்முகம் மிகவும் பின்தங்கிவிட்டது. முகப்பொலிவிலும் நாகரிக உடையிலும் நம்பிக்கை இழந்து நிற்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல செய்தி. அரச பதவிகள் பலவற்றுக்கு வர்த்தமானி அறிவித்தலிலேயே எதற்கு எத்தனை புள்ளி என்று போட்டிருப்பார்கள். அதைத் தேடி வாசியுங்கள். பத்துப் புள்ளி மொழியறிவுக்கு, பதினைந்து புள்ளி மேலதிகத் தகைமைக்கு என்று தெரிந்துகொண்டு போகிறவனும் தெரியாமல் போகிறவனும் ஒன்றாகார்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரச சேவைக்கான பரீட்சையில் சிங்களத்திலோ தமிழிலோ பரீட்சிக்கப்படும் உரிமை நம் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் உள்ளது. பதவி ஏற்ற பின் மற்ற மொழியைக் குறித்த காலத்துள் கற்க வேண்டும் என்று விதிக்கவும் அதில் இடமுண்டு. ஆகவே சிங்களத்தில் ஒரு கேள்வி வந்தால் நடுங்க வேண்டியதில்லை. தெரிந்த அளவு சிங்களத்தில் விடை கூறி, ‘மிகுதியைத் தமிழில் சொல்ல அனுமதி தாருங்கள்’ என்று அமைதியாகக் கேளுங்கள். உடைந்த சிங்களம் குற்றமன்று. முயன்ற பிள்ளை என்றே கொள்வர். உடைந்த ஆங்கிலத்தை வலிந்து பேசுவதே விடயத்தைக் கெடுக்கும்.

பத்திரங்கள் விடயத்தில் நம்மவர்க்குள்ள தொல்லை தனியானது. பிறப்புச் சான்றிதழிலே லெச்சுமி. பாடசாலைப் பத்திரத்திலே லட்சுமி. அடையாள அட்டையிலே லக்ஷ்மி. தமிழ் அறியாத பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியதன் பலன், இருபது ஆண்டுக்குப் பின் நேர்முக மேசையிலே வெளிப்படும். அங்கே நின்று விளக்கம் கூறத் தொடங்கினால் கிடைத்த பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும், நம்பிக்கையும் போய்விடும். அழைப்பு வருமுன்பே, விண்ணப்பம் போட்ட வாரத்திலேயே, எல்லாப் பத்திரங்களையும் பாயிலே விரித்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு வேறுபாடாயின் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். பெரிய பிழையாயின் பிரதேச செயலகத்திலே திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நாள் செல்லும்.

கடிதம் பிந்தி வருவதும் பழைய முறைப்பாடே. லயத்துக்கென்று தனி முகவரி இல்லாமல், எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வரும் தோட்டங்களிலே, நேர்முகம் முடிந்த மறுநாள் அழைப்பைப் பெற்ற பிள்ளைகள் உண்டு. இதற்கு முறையான பரிகாரம் வீட்டுக்கு வீடு முகவரி கொடுப்பதுதான். அதுவரையில், விண்ணப்பத்திலே தொலைபேசி இலக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். நம்பிக்கையான உறவினர் ஒருவர் நகரத்திலே இருந்தால் அவர் முகவரியைக் கொடுங்கள்.

உடையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சுத்தமாக இருந்தால் போதும். மழைக்காலத்திலே நம் மலையில் துணி காய்வதில்லை என்பதும், அடுப்பங்கரைக் கொடியிலே காய்ந்த சட்டையில் விறகுப்புகை மணம் நிற்கும் என்பதும் உங்களுக்கே தெரியும். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே தோய்த்து வைத்துவிடுங்கள். 1,800 மீற்றருக்கு மேற்பட்ட நுவரெலியாக் குளிரிலே போட்ட கம்பளிச் சட்டையோடு கொழும்பு வெயிலில் போய் நின்றால் வியர்வையே முன்னால் போய்ப் பேசும். அதைப் பையில் வைத்துவிடலாம். இரவெல்லாம் பயணஞ்செய்து நித்திரையில்லாமல் நேரே பரீட்சைக்குப் போவதைவிட, முதல்நாளே போய் உறவினர் வீட்டில் தங்குவது நன்று.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பிள்ளையோடு கூடப் போங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாசலிலே நின்று, உள்ளே போகும் குழுவினரைக் கைகூப்பி, ‘ஐயா, நம்ம பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கெஞ்சாதீர்கள். அப்படி ஒரு தகப்பனார் நின்றதைக் கண்டிருக்கின்றேன். அவருடைய அன்பிலே குறைவில்லை. ஆனால் திறந்திருந்த கதவு வழியாக மகள் அதைக் கண்டுவிட்டாள். அதன்பின் அவள் குரல் நிலைக்கவில்லை. அவளை எழுந்து நிற்க வைக்க வேண்டிய நேரத்தில், அவளுக்காகத் தாம் குனிந்து நின்றுவிட்டார் அந்த நல்ல மனிதர்.

‘இதெல்லாம் நமக்குக் கிடைக்குமா? ஆள் பிடித்தால்தான் வேலை’ என்று லயத்திலே ஒருவராவது சொல்வார். சிபாரிசு என்பது நாட்டில் இல்லவே இல்லை என்று நான் கூறினால் நீங்கள் வானொலியை மூடிவிடுவீர்கள். இருக்கின்றது. சில கதவுகள் நேர்மையாகத் திறப்பதில்லை. எனினும் ஒரு கடிதத்துக்காக மூன்று நாள் ஒரு பிரமுகர் வீட்டு வாசலில் காத்திருப்பதிலும், அந்த மூன்று நாளை ஒரு சிநேகிதனை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் செய்து விடை சொல்லிப் பழகுவதிலே செலவிட்டால், அப்பழக்கம் அடுத்த நேர்முகத்துக்கும் உதவும். கடிதம் அந்த ஒரு வாசலோடு முடிந்துவிடும். கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் அழைத்தால் போதும். நாற்காலி முக்கியம். நின்றுகொண்டு பழகாதீர்கள்.

நம்பிக்கை என்றால் இந்த வேலை நிச்சயமாக எனக்கே என்று எண்ணுவது அல்ல. நூறு பேர் போகும் இடத்தில் ஐந்து பேரை எடுத்தால் தொண்ணூற்றைந்து பேர் திரும்பித்தான் வரவேண்டும். அவர்களில் கெட்டிக்காரர் பலர் இருப்பர். தெரிவு ஆகவில்லை என்ற கடிதம் உங்களைப் பற்றிய தீர்ப்பு அன்று. அந்த ஒரு நாளைய புள்ளிக்கணக்கு அவ்வளவே. ஆகவே திரும்பி வரும் பஸ்ஸிலே, கினிகத்தேனை ஏற்றம் ஏறுமுன்பே, ஒரு கொப்பியை எடுத்துக் கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிவிடுங்கள். எதற்கு நன்றாக விடை சொன்னீர்கள், எங்கே திக்கினீர்கள், இப்போது கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். மறுநாள் வரை வைத்தால் பாதி மறந்துபோகும். எழுதி முடித்த கொப்பியைப் பூட்டி வைக்க வேண்டாம். அடுத்த லயத்துப் பிள்ளைக்கும் வரும் மாதம் அழைப்பு வரலாம். அவளுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.